4 ஜிபிக்கு மேல் எழுதும்போது கெர்னல் விழுந்தால்: எக்ஸ்எஃப்எஸ் ரோல்பேக் பிழையைத் திருத்த முழு வழிகாட்டி

மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கத்து எடைமேடைகளிலும், மண்ணடி மொத்தக் கடைகளின் கேமரா ரெக்கார்டர்களிலும் 32 பிட் லினக்ஸை இன்றும் பார்க்கலாம். பெட்டி பழையதாக இருந்தாலும் டிஸ்க் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு வீடியோ ஃபைல் 4 ஜிபியைத் தாண்டி, அந்த நேரம் பார்த்து டிஸ்க்கும் நிரம்பினால், பழைய கெர்னலில் (இயக்க முறைமையின் மையப் பகுதி) இருக்கும் ஒரு குறிப்பிட்ட பிழை வெளியே வரும். லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் 2013இல் திருத்தப்பட்ட பிழை அது. ஒரே வரியில் இருக்கிறது, ஒரே வரியில் தீர்கிறது. அந்த வரிக்குப் போய்ச்சேரும் வழியும், திருத்தம் சரிதானா என்று நிரூபிக்கும் வழியும்தான் கற்க வேண்டியவை. கெர்னல் பக்கம் வர விரும்பும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பயிற்சி கிடைப்பது அரிது.

ரோல்பேக் எங்கே வருகிறது

ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதும்போது தரவு நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷுக்குப் போகிறது. ஒரு பேஜ் 4096 பைட். அந்தப் பேஜுக்குள் ஃபைல் சிஸ்டத்தின் பிளாக்குகள் அடங்கும். பிளாக் அளவு 4096 என்றால் பேஜுக்கு ஒரு பிளாக், 1024 என்றால் நான்கு.

எக்ஸ்எஃப்எஸ் அந்தப் பிளாக்குகளுக்கு உடனே டிஸ்க்கில் இடம் குறிப்பதில்லை. 'இத்தனை பிளாக் எனக்கு வேண்டும்' என்று கணக்கில் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதுதான் டிலேய்டு அலொகேஷன், சுருக்கமாக டெலலாக். டிஸ்க்கில் எந்த இடம் என்பதைப் பிறகு, தரவை வெளியே தள்ளும்போது தீர்மானிக்கும்.

பிளாக் அளவு 1024 உள்ள டிஸ்க்கில் ஒரு முழுப் பேஜ் எழுத வருகிறீர்கள் என்று வையுங்கள். முதல் இரண்டு பிளாக்குக்கு இடம் பிடித்தாயிற்று. மூன்றாவதுக்கு 'இடம் இல்லை' என்று பதில் வருகிறது. எழுதும் வேலை தோல்வி. இப்போது பிடித்து வைத்த அந்த இரண்டு பிளாக்கையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதுதான் ரோல்பேக். அதைச் செய்யும் ஃபங்ஷன் எக்ஸ்எஃப்எஸ்_விஎம்_ரைட்_ஃபெயில்ட். இனிச் சுருக்கமாக ரைட்-ஃபெயில்ட் என்போம். சாதாரண நாட்களில் யாரும் நுழையாத பாதை இது. பிழைகள் இந்த மாதிரி இடத்தில்தான் வருடக்கணக்கில் தங்கும்.

அந்த ஒரு வரி

ரைட்-ஃபெயில்ட்டுக்கு மூன்று எண்கள் முக்கியம். முதலாவது பாஸ், அதாவது ஃபைலில் எந்த பைட்டில் எழுத வந்தோம் என்பது. இது 64 பிட் எண். அடுத்தது ஃப்ரம், அந்த பைட் தன் பேஜுக்குள் எத்தனையாவது என்பது. இது எப்போதும் 4095க்குள் இருக்கும். மூன்றாவது பிளாக்-ஆஃப்செட், அந்தப் பேஜ் ஃபைலில் தொடங்கும் இடம். பழைய கோடில் (நிரலில்) பிளாக்-ஆஃப்செட் கணக்கிடப்பட்டது இப்படி: பாஸையும் பேஜ்-மாஸ்க்கையும் (கடைசி 12 பிட்டை மறைக்கும் எண்) ஆண்ட் செய், அதாவது இரண்டிலும் 1 உள்ள பிட்டை மட்டும் 1 ஆக வை. கடைசி 12 பிட் பூஜ்யமாகி, பேஜின் தொடக்கம் கிடைக்கும் என்பது எண்ணம்.

64 பிட் இயந்திரத்தில் அப்படியே கிடைக்கும். 32 பிட்டில் கதை வேறு. பேஜ்-மாஸ்க் 'அன்சைன்ட் லாங்' வகை (குறையெண் இல்லாத) எண், 32 பிட் கெர்னலில் அதன் அகலமும் 32 பிட்தான். அதில் 20 ஒன்றுகளும் அதைத் தொடர்ந்து 12 பூஜ்யங்களும் இருக்கும். மதிப்பு 4294963200. இதை 64 பிட் எண்ணோடு ஆண்ட் செய்யும்போது சி மொழி முதலில் மாஸ்க்கை 64 பிட்டாக நீட்டுகிறது. அன்சைன்ட் என்பதால் மேல் 32 பிட்டும் பூஜ்யத்தால் நிரம்புகிறது. ஆண்ட் செய்ததும் பாஸின் மேல் 32 பிட்டும் அழிந்துவிடும்.

எண்ணாகப் போட்டுப் பார்ப்போம். ஃபைலில் 5 ஜிபிக்கு மேல் 1000 பைட் தள்ளி எழுதுகிறீர்கள்.

பாஸ் = 5368710120
ஃப்ரம் = 1000
சரியான பிளாக்-ஆஃப்செட் = 5368709120
32 பிட்டில் கிடைப்பது = 1073741824

வித்தியாசம் 4294967296, சரியாக 4 ஜிபி. 5 ஜிபி இடத்தில் செய்ய வேண்டிய வேலையை 1 ஜிபி இடத்தில் செய்யக் கிளம்புகிறது கெர்னல். தம்பு செட்டி தெரு 12க்கு வந்த பார்சலில் தெருப் பெயர் கிழிந்துபோய், லிங்கி செட்டி தெரு 12இல் கொண்டு போய் இறக்கியதுபோல.

அடுத்த வரியிலேயே, கோட் எழுதியவர்கள் ஒரு அசெர்ட் (இது உண்மைதானா என்று சோதித்து, இல்லையென்றால் நிறுத்தும் வரி) வைத்திருக்கிறார்கள்: பிளாக்-ஆஃப்செட்டோடு ஃப்ரமைக் கூட்டினால் பாஸ் வர வேண்டும். 1073741824 + 1000 என்பது 5368710120 ஆகாது. எக்ஸ்எஃப்எஸ் டீபக் (பிழை தேடும் சோதனைகள்) தெரிவோடு கட்டிய கெர்னல் அங்கேயே விழுகிறது. டீபக் இல்லாத கெர்னலில் அசெர்ட்டே கிடையாது, ஆகவே விழாது. தவறான முகவரியோடு மேலே போகும்.

எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றால், விழாமல் போகும் கெர்னலுக்குத்தான். மேலே போனால் நடப்பது இரண்டு. ஃபைலின் 1 ஜிபி பகுதியில் டிஸ்க்குக்குப் போகாமல் காத்திருக்கும் நல்ல தரவு இருந்தால், அதற்குப் பிடித்து வைத்த இடம் பறிபோகிறது. எழுதிய புரோகிராமுக்கு 'வெற்றி' என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, டிஸ்க்கோ நிரம்பி நிற்கிறது. பிறகு தரவை வெளியே தள்ள வரும்போது இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, உண்மையில் விடுவிக்க வேண்டிய 5 ஜிபி பகுதி ஒதுக்கீடு விடுபடாமல் நின்று, காலி இடக் கணக்கைக் குறைத்துக் காட்டும். ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு: ரோல்பேக் டெலலாக் ஒதுக்கீட்டை மட்டுமே தொடும். டிஸ்க்கில் ஏற்கெனவே இடம் பெற்றுவிட்ட தரவை அது அழிக்காது.

முதலில் ஹார்டுவேரைச் சந்தேகியுங்கள்

காசிமேடு, எண்ணூர் போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று நினைவக ஸ்லாட்டின் காண்டாக்ட்டுகளை அரிக்கும். அதனாலும் கெர்னல் விழும். பிரித்தறிவது எளிது. மூன்று முறை விழவைத்து மூன்று ஊப்ஸ் செய்திகளையும் (விழும்போது கெர்னல் அச்சிடும் அறிக்கை) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃபங்ஷனில் விழுந்திருந்தால் நினைவகமோ பவர் சப்ளையோ கோளாறு. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓட விடுங்கள். மூன்றும் ஒரே ஃபைல், ஒரே வரி என்றால் கெர்னல் கோட்தான் காரணம்.

சோதனைக் கூடம் கட்டுதல்

உண்மையான ரெக்கார்டரில் இதைச் செய்யாதீர்கள். கியூஇஎம்யூவின் ஐ386 வகை மெய்நிகர் இயந்திரம் போதும். சாதாரண 64 பிட் லேப்டாப்பிலேயே ஓடும்.

1. கெஸ்ட்டாக (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் சிஸ்டம்) டெபியன் 8 லினக்ஸின் 32 பிட் பதிப்பை நிறுவுங்கள். நினைவகம் 1 ஜிபி. ரூட் பார்ட்டிஷன் இஎக்ஸ்டி4 ஆகவே இருக்கட்டும். சோதனை டிஸ்க் மட்டும்தான் எக்ஸ்எஃப்எஸ். ரூட்டும் எக்ஸ்எஃப்எஸ்ஸாக இருந்தால் எது எதனால் விழுந்தது என்று குழம்பும்.

2. கெர்னல் 3.10இன் அடிப்படை வெளியீட்டை எடுங்கள், ஜூன் 2013இல் வந்தது. அதன் பின்வந்த ஸ்டேபிள் வெளியீடுகளில் திருத்தம் சேர்ந்திருக்கக்கூடும், அவை வேண்டாம். இன்றைய ஜிசிசி கம்பைலரில் இது கம்பைல் ஆகாது. டெபியன் 8இல் வரும் ஜிசிசி 4.9இல் ஆகும். கெஸ்ட்டுக்குள்ளேயே கட்டலாம், ஆனால் மெதுவாக இருக்கும். ஹோஸ்ட்டில் (உங்கள் லேப்டாப்பில்) டெபியன் 8 கன்டெய்னர் வைத்துக் கட்டினால் வேகம். கோடைக்கால மதியத்தில் மின்சாரம் போய் வரும் தெருவென்றால் பாதியில் நின்ற கம்பைல் எரிச்சலூட்டும், யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

3. கான்ஃபிகில் எக்ஸ்எஃப்எஸ்ஸை மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேருங்கள். எக்ஸ்எஃப்எஸ் டீபக்கை இயக்குங்கள். டீபக் இன்ஃபோவும் வேண்டும், இல்லையென்றால் ஊப்ஸில் வரும் முகவரியைச் சோர்ஸ் வரியாக மாற்ற முடியாது. 3.10இல் எக்ஸ்எஃப்எஸ் வார்ன் என்று ஒரு தெரிவும் உண்டு. அசெர்ட் தோற்றால் விழாமல் எச்சரிக்கை மட்டும் தந்து தொடரும். பின்னால் ஒரு சோதனைக்கு உதவும், ஆகவே அதையும் தனிக் கெர்னலாகக் கட்டி வையுங்கள்.

4. சீரியல் கன்சோலை ஹோஸ்ட்டில் ஒரு ஃபைலுக்குத் திருப்புங்கள். திரையில் ஓடி மறையும் ஊப்ஸை மொபைலில் படமெடுத்தால் மேல்பாதி எப்போதும் கிடைக்காது.

5. சோதனை டிஸ்க்காக 1 ஜிபி இமேஜ். கெஸ்ட்டில் உள்ள எம்கேஎஃப்எஸ் கருவியாலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஹோஸ்ட்டின் புதிய கருவி இயல்பாகவே சிஆர்சி (தரவுச் சரிபார்ப்பு எண்) உள்ள வடிவத்தில் எழுதும், 3.10இல் அது மவுன்ட் ஆவதே சந்தேகம். ஹோஸ்ட்டில்தான் செய்ய வேண்டும் என்றால் சிஆர்சி, எஃப்டைப் (ஃபைல் வகைக் குறிப்பு) இரண்டையும் அணைக்க வேண்டும்.

விழவைத்தல்

வரிசை முக்கியம். பலர் தவறுவது இங்கேதான்.

முதலில், டிஸ்க் காலியாக இருக்கும்போதே 'பெரியது' என்ற பெயரில் ஒரு ஃபைலை உருவாக்கி, ட்ரன்கேட் கட்டளையால் 6 ஜிபி அளவு கொடுங்கள். 1 ஜிபி டிஸ்க்கில் 6 ஜிபி ஃபைலா என்று திகைக்க வேண்டாம். உள்ளே எதுவும் இல்லாத ஓட்டை ஃபைல், இடம் பிடிக்காது. டிஸ்க்கை நிரப்பிவிட்டுப் பிறகு உருவாக்கப் போனால், ஃபைலை உருவாக்கும் கட்டத்திலேயே 'இடம் இல்லை' என்று நின்றுவிடும். ரைட்-ஃபெயில்ட் வரை போகவே போகாது.

அடுத்து 'நிரப்பி' என்ற இன்னொரு ஃபைலில் டிடி கட்டளையால் பூஜ்யங்களை எழுதி டிஸ்க்கை நிரப்புங்கள். நின்றதும் சிங்க் கட்டளை கொடுங்கள், நினைவகத்தில் உள்ளது டிஸ்க்குக்குப் போகும். எக்ஸ்எஃப்எஸ் வளரும் ஃபைலுக்கு முன்கூட்டியே கூடுதல் இடம் பிடித்து வைக்கும், ஃபைலை மூடியதும் அது திரும்பி வரும். ஆகவே அதே 'நிரப்பி'யின் கடைசியில் 4096 பைட்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு பிளாக்கூடச் சேராது என்னும் நிலை வரும்வரை தொடருங்கள்.

இந்த நிரப்பும் வேலையின்போதும் ரைட்-ஃபெயில்ட் அழைக்கப்பட்டிருக்கும். ஆனால் 1 ஜிபிக்குள் நடந்ததால் விழவில்லை. உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒப்பீட்டுச் சோதனை அது. பிழை ரோல்பேக்கில் மட்டும் இல்லை, ரோல்பேக்கும் 4 ஜிபியும் சேரும் இடத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று.

இப்போது 'பெரியது' ஃபைலில் டிடியால் ஒரே ஒரு பிளாக்கை எழுதுங்கள்: பிளாக் அளவு 4096, தாண்ட வேண்டியது 1310720 பிளாக், எண்ணிக்கை 1. 1310720 × 4096 = 5368709120, அதாவது 5 ஜிபி. நோட்ரங்க் தெரிவு கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் டிடி ஃபைலின் 6 ஜிபி அளவை வெட்டிவிடும்.

கன்சோலில் அசெர்ஷன் தோற்ற செய்தி வரும். டிடி செத்துவிடும், ஆனால் இயந்திரம் உயிரோடு இருப்பதுபோல் தெரியலாம். ஏமாறாதீர்கள். செத்த புரோசஸ் அந்தப் பேஜின் லாக்கையும் (பூட்டு) ஃபைலின் லாக்கையும் பிடித்தபடியே போய்விட்டது. அடுத்து அந்த ஃபைலைத் தொடுவதெல்லாம் தொங்கும், சிங்க்கும் தொங்கும். மெய்நிகர் இயந்திரத்தை ரீசெட் செய்வது ஒன்றே வழி. இதைத் தவிர்க்க, ஊப்ஸ் வந்தால் முழுதாகப் பேனிக் ஆகும்படி (இயந்திரமே நின்றுவிடும்படி) கெர்னல் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

விழவில்லையா? மூன்றைப் பாருங்கள். கெஸ்ட் உண்மையில் 32 பிட்டா என்று யூநேம் கட்டளையில் ஐ686 வருகிறதா பாருங்கள். டீபக் தெரிவோடு கட்டிய கெர்னல்தான் பூட் ஆனதா பாருங்கள். டிடிக்குப் பதில் சொந்தமாகச் சி புரோகிராம் எழுதியிருந்தால், அது 64 பிட் ஆஃப்செட்டோடு கம்பைல் ஆகியிருக்க வேண்டும். இல்லையேல் 2147483647வது பைட்டிலேயே 'ஃபைல் மிகப் பெரியது' என்று நின்றுவிடும், பிழை இல்லை என்று தவறாக முடிவு கட்டுவீர்கள்.

ஊப்ஸைப் படித்தல்

உச்சியில் தெரியும் ஃபங்ஷன் அசெர்ட் தோல்வியை அறிவிக்கும் பொது ஃபங்ஷன், அதில் பயனில்லை. அதற்கு அடுத்து ரைட்-ஃபெயில்ட், பிறகு ரைட்-பிகின், அப்புறம் பொதுவான பஃபர் ரைட், கடைசியில் சிஸ்டம் கால் என்று இறங்கும். ரைட்-ஃபெயில்ட் எக்ஸ்எஃப்எஸ்_ஏஆப்ஸ்.சி ஃபைலில் இருக்கிறது.

பாஸ், ஃப்ரம், பிளாக்-ஆஃப்செட் மூன்றையும் அசெர்ட்டுக்கு முன்னால் பிரிண்ட்கே (கெர்னலின் அச்சிடும் ஃபங்ஷன்) போட்டு அச்சிடுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. பாஸும் பிளாக்-ஆஃப்செட்டும் 64 பிட் என்பதால் 'லாங் லாங்' ஃபார்மேட்டில் அச்சிட வேண்டும். வெறும் 'லாங்' போட்டால் 32 பிட்டில் அச்சிடும்போதே மேல் பாதி அறுந்துவிடும், பாஸே 1073741824 என்று காட்டும். இரண்டு எண்ணும் பொருந்துகிறதே என்று பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தரும், எச்சரிக்கைகளைப் படியுங்கள்.

சரியாக அச்சிட்டால் வித்தியாசம் 4294967296 என்று வரும். 2இன் 32ஆம் அடுக்கு. ஒரு கணக்கு இந்த எண்ணால் பிசகினால் எங்கோ 64 பிட் எண் 32 பிட் சந்துக்குள் நுழைந்து வந்திருக்கிறது என்றே பொருள்.

திருத்தம்: எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

2013இல் ஏற்கப்பட்ட திருத்தம் மாஸ்க்கையே விட்டுவிட்டது. பாஸை வலப்பக்கம் 12 பிட் தள்ளி, மீண்டும் இடப்பக்கம் 12 பிட் தள்ளுகிறது. கடைசி 12 பிட் பூஜ்யமாகும். எல்லாம் பாஸின் சொந்த 64 பிட் அகலத்திலேயே நடப்பதால் எதுவும் அறுபடாது. 12 என்று எண்ணைப் போடாமல் கெர்னலின் பேஜ் ஷிஃப்ட் மாறிலியைப் பயன்படுத்துங்கள். 3.10இல் அதன் பெயரில் 'கேஷ்' என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். அந்த வகைப் பெயர்கள் 2016இல் நீக்கப்பட்டன. குறையெண்ணை வலப்பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பாஸ் குறையெண்ணாக இங்கே வராது, மேலடுக்கே அதைத் தடுத்துவிடும்.

கெர்னலின் ரவுண்ட்-டவுன் மேக்ரோவும் சரியான வழிதான். அது மாஸ்க்கை முதல் எண்ணின் வகைக்கு மாற்றிய பிறகே பிட்டுகளைத் தலைகீழாக்குகிறது (0 ஒன்றாகும், 1 பூஜ்யமாகும்).

பேஜ்-மாஸ்க்கை 64 பிட்டுக்கு காஸ்ட் செய்வது (வகை மாற்றுவது) பலரின் கை முதலில் போகும் இடம். அது தவறு. காஸ்ட் செய்யும் முன்பே மாஸ்க் 32 பிட்டில் உருவாகிவிட்டது, நீட்டினால் மேலே பூஜ்யம்தான் சேரும். விடை கொஞ்சமும் மாறாது. பேஜ் அளவை முதலில் 64 பிட்டாக்கி, ஒன்றைக் கழித்து, அதன் பிறகு தலைகீழாக்கினால்தான் சரி. காஸ்ட் எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது எல்லாம். எக்ஸ்86 (இன்டெல் வகைச் சிப்) கோடில் இதற்கு நேர் உதாரணம் உண்டு: பிசிக்கல் பேஜ் மாஸ்க் வரையறையில் பேஜ்-மாஸ்க்கை வேண்டுமென்றே 'சைன்ட் லாங்' ஆக்குகிறார்கள். சைன்ட் எண் நீளும்போது மேல் பிட்டுகள் ஒன்றால் நிரம்பும், மாஸ்க் சரியாக வேலை செய்யும்.

பாஸிலிருந்து ஃப்ரமைக் கழித்தாலும் சரியான விடை வரும். ஆனாலும் பரிந்துரைக்க மாட்டோம். அப்படிச் செய்தால் அடுத்த வரியின் அசெர்ட், தான் கழித்ததையே திரும்பக் கூட்டிப் பார்க்கும் வெற்று வரியாகிவிடும். இரண்டு தனித்தனி வழியில் கணக்கிட்டு ஒப்பிடுவதால்தான் அந்த அசெர்ட் இந்தப் பிழையைப் பிடித்தது. அதன் பலத்தைக் குறைக்காதீர்கள்.

அசெர்ட்டையே எடுத்துவிடுவது திருத்தம் அல்ல. விழுவது நிற்கும், தவறான இடத்தில் கைவைப்பது தொடரும்.

திருத்திய வரிக்கு மேலே ஏன் மாஸ்க் பயன்படுத்தவில்லை என்று நாலு வரி கமென்ட் கட்டாயம் வையுங்கள். இல்லையென்றால் 'இதை எளிமையாக்கலாமே' என்று யாரோ ஒருவர் பழைய வரியையே திரும்பக் கொண்டுவருவார்.

திருத்தியதைச் சோதித்தல்

5 ஜிபி சோதனையில் இப்போது டிடி 'இடம் இல்லை' என்று கண்ணியமாகத் திரும்ப வேண்டும், கன்சோல் அமைதியாக இருக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் எல்லையைத் தட்டிப் பாருங்கள். 4294967295ஆம் பைட்டில் ஒரு பைட் எழுதினால் பழைய கெர்னலும் விழாது. 4294967296இல் எழுதினால் பழையது விழும், புதியது விழக்கூடாது. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து பைட்டுகள். பழைய கெர்னலின் கணக்குப்படி இரண்டாவது பைட்டின் பேஜ் தொடங்குவது 0இல், அதாவது ஃபைலின் தலையில்.

பிறகு பிளாக் அளவு 1024 வைத்து ஃபார்மேட் செய்து இதையே திரும்பச் செய்யுங்கள். 4096இல் பேஜுக்கு ஒரே பிளாக் என்பதால், அது கிடைக்காதபோது திருப்பித் தர ஒன்றும் இருக்காது. அசெர்ட் சோதிக்கப்படுமே தவிர, உண்மையான விடுவிப்பு நடக்காது. 1024இல்தான் பாதி கிடைத்து மீதி கிடைக்காத நிலை வரும். அதை வரவழைக்க, நிரம்பிய டிஸ்க்கில் 'நிரப்பி'யைச் சில பிளாக் சுருக்கி, சிங்க் செய்து, 5 ஜிபியில் ஒரு பேஜ் எழுத வேண்டும். எத்தனை பிளாக் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏனென்றால் எக்ஸ்எஃப்எஸ் தன் எக்ஸ்டென்ட் மரத்துக்கும் (ஃபைலின் எந்தப் பகுதி டிஸ்க்கில் எங்கே என்ற பட்டியல்) சேர்த்து இடம் பிடிக்கும். 2இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி லூப்பில் ஓட்டுங்கள், உங்கள் பிரிண்ட்கே விடுவித்த பிளாக்கைக் காட்டும்வரை. பழைய நடத்தையை விழாமல் பார்க்க வேண்டுமென்றால், இங்கேதான் திருத்தாத கோடில் கட்டிய வார்ன் கெர்னல் கைகொடுக்கும். எச்சரிக்கையைத் தொடர்ந்து அது தவறான இடத்துக்குப் போவதை எண்ணாகவே பார்க்கலாம்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அன்மவுன்ட் செய்து எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேரை 'எதையும் மாற்றாதே' தெரிவில் ஓட்டுங்கள். ஒதுக்கீடு கசிந்திருந்தால் சூப்பர்பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் தலைமைக் குறிப்பு) உள்ள காலி பிளாக் எண்ணிக்கை, எண்ணிப் பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதாகச் சொல்லும். திருத்திய கெர்னலில் இந்த வரி வரவே கூடாது. சோதனை இயந்திரம் விழுந்து எழுந்திருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஒழுங்காக அன்மவுன்ட் ஆகாத டிஸ்க்கில் அடுத்த மவுன்ட்டின்போது எண்ணிக்கை புதிதாகக் கணக்கிடப்படும், தடயம் போய்விடும்.

உடன்பிறந்த பிழைகள்

ஒரு வரியைத் திருத்திவிட்டு எழாதீர்கள். சோர்ஸ் முழுக்க பேஜ்-மாஸ்க் வரும் இடங்களைத் தேடி, எங்கெல்லாம் அது 64 பிட் ஆஃப்செட்டோடு ஆண்ட் ஆகிறது என்று பாருங்கள். முகவரிகளோடு ஆண்ட் ஆவது பிழையல்ல, அவை 32 பிட்டில் 32 பிட்தான். கூடவே பேஜின் வரிசை எண்ணை இடப்பக்கம் 12 தள்ளும் இடங்களையும் தேடுங்கள். அந்த வரிசை எண்ணும் அன்சைன்ட் லாங். 64 பிட்டாக மாற்றாமல் தள்ளினால் 4 ஜிபியில் அதேபோல் அறுபடும். பேஜ்-ஆஃப்செட் என்ற உதவி ஃபங்ஷன் இந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்கிறது, கையால் தள்ளுவதற்குப் பதில் அதை அழையுங்கள்.

கெர்னலை மாற்ற முடியாத பெட்டியில்

தயாரிப்பாளர் அப்டேட் தராத ரெக்கார்டரில் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. ரெக்கார்டிங் செட்டிங்கில் ஃபைலை நேர அளவிலோ, 1 ஜிபி அல்லது 2 ஜிபி அளவிலோ வெட்டும் தெரிவு இருக்கும். கூடவே டிஸ்க் முழுதும் நிரம்பும் முன் பழையவற்றை அழிக்கும்படி வையுங்கள்.

ஏற்கெனவே விழுந்த பெட்டி என்றால், முதலில் டிஸ்க்கை ஒருமுறை சாதாரணமாக மவுன்ட் செய்து ஜர்னல் (டிஸ்க் மாற்றங்களின் குறிப்பேடு) தன் வேலையை முடிக்க விடுங்கள். அதன் பிறகு அன்மவுன்ட் செய்து ரிப்பேர் ஓட்டலாம். ஜர்னலை அழித்துவிட்டு ரிப்பேர் செய்யும் தெரிவை எடுத்ததுமே கொடுக்காதீர்கள், டிஸ்க்குக்குப் போகவிருந்த மெட்டாடேட்டா மாற்றங்கள் அதோடு போய்விடும். விழுந்த நேரத்தில் பேஜ் கேஷில் மட்டும் இருந்த வீடியோ எந்தக் கருவியாலும் திரும்பாது. டிஸ்க்கில் சேர்ந்தது பத்திரமாக இருக்கும், அதைப் பிரதி எடுத்த பிறகே பெட்டியை மறுபடி ஓட விடுங்கள்.